மண் மூடிய இசைக்கருவி

நுழையும்முன்

பழம்பொருள் ஒன்று நெடுங்காலம் நிலைத்திருக்க அதன் வலிமை மட்டும் போதாது. அதன் அருமையை அறிந்து பேணுவோரும் வேண்டும். சீன நாட்டின் நரம்புக்கருவி ஒன்றின் வரலாறு இவ்வுண்மையை உணர்த்துகிறது.

கருவியின் அமைப்பு

சீனரின் தொன்மையான இசைக்கருவிகளுள் ஒன்று கூச்சின். ‘கூ’ என்னும் சீனச் சொல்லுக்குப் ‘பழைய’ என்பது பொருள். ‘ச்சின்’ என்பதே கருவியின் பெயர். ஏறத்தாழ நான்கு அடி நீளமுள்ள குறுகிய மரப்பெட்டியின்மேல் ஏழு நரம்புகள் நீளவாக்கில் கட்டப்பட்டிருக்கும். முற்காலத்தில் இந்நரம்புகள் பட்டு நூலால் முறுக்கப்பட்டன. வீணையில் இருப்பவை போன்ற மெட்டுகள் இதில் இல்லை. விரல் வைக்கும் இடங்களைக் காட்டச் சிப்பியாலான 13 புள்ளிகள் விளிம்பில் பதிக்கப்பட்டிருக்கும். வலக்கை நரம்பை மீட்ட, இடக்கை விரல் அதன்மீது வழுக்கிச் சென்று ஒலியை வளைக்கும்.

இதன் ஒலி மிக மெல்லியது. ஆகவே, அறிஞர்கள் இதனைப் பேரவைகளில் இசைப்பதைவிடத் தனிமையிலோ நெருங்கிய நண்பர் முன்னிலையிலோ இசைப்பதையே விரும்பினர்.

பேணும் முறை

ஒருவகை மரத்திலிருந்து வடியும் பாலுடன் மான்கொம்புத் தூளைக் கலந்து, கருவியின்மேல் பல அடுக்குகளாகப் பூசுவர். உலர்ந்து இறுகிய அப்பூச்சு மரத்தை ஈரத்திலிருந்து காக்கும். ஆண்டுகள் பல செல்லச் செல்ல, அதில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். அவற்றைப் பூவிதழ், பாம்பின் வயிறு, பசுவின் மயிர் எனத் தோற்றத்திற்கேற்ப வகைப்படுத்துவர். இவ்வெடிப்புகளைக் குறையாகக் கருதாமல் முதுமையின் அழகாகவே போற்றுவர். வெடிப்பு மேலெழுந்து நரம்பைத் தொட்டு இரைச்சல் உண்டாக்கினால் மட்டுமே செப்பனிடுவர்.

மிகுந்த ஈரம் பலகைகளின் இணைப்பைத் தளர்த்தும். மிகுந்த வறட்சி மரத்தைப் பிளக்கும். எனவே, கருவியை வெயிலும் ஈரமும் தாக்காத இடத்தில் வைப்பர். கைகளைக் கழுவிய பின்னரே அதனைத் தொடுவர். இசைத்து முடித்ததும் மென்துணியால் துடைப்பர். எல்லாவற்றினும் மேலாக, அதனை அடிக்கடி இசைப்பர். மீட்டப்படாத கருவியின் ஒலி மங்கிவிடும் என்பது அக்கலைஞர்களின் கருத்து.

மண்ணுக்குள்ளிருந்து மீண்டது

கி.பி. 756இல் செய்யப்பட்ட ஒரு கூச்சின், சீனப் பேரரசர்களின் பெய்ஜிங் அரண்மனையில் இருந்தது. சான்றோர் விட்டுச்சென்ற இசை என்னும் கருத்துடைய ‘தாஷெங் யீயின்’ என்பது அதன் பெயர். காலப்போக்கில் அது கேட்பாரற்று ஒரு பொருளறையில் கிடந்தது. கூரையிலிருந்து ஒழுகிய மழைநீர் மண்ணோடு கலந்து அதன்மீது சொட்டிக்கொண்டே இருந்தது. மண் கல்போல் இறுகி, கருவியின் மேற்பரப்பையே மறைத்துவிட்டது. நரம்புகளும் இல்லை. கடைசிப் பேரரசர் 1924இல் அரண்மனையை விட்டு வெளியேற்றப்பட்ட பின்னர், அங்கிருந்த பொருள்கள் கணக்கெடுக்கப்பட்டன. அப்போது எழுதியவர் அதனைப் பழுதுற்ற கருவி என்றே பட்டியலில் குறித்தார்.

அதன் உண்மையான மதிப்பைப் பின்னர் அறிந்துகொண்டவர் வாங் ஷிஷியாங் என்னும் அறிஞர். அவர் முயற்சியால், 1949இல் கூச்சின் கலைஞர் குவான் பிங்ஹு அதனைச் செப்பனிடும் பணியை ஏற்றார். அவர் விரைந்து சுரண்டியிருந்தால் மண்ணோடு பழைய பூச்சும் பெயர்ந்திருக்கும். எனவே, பல மாதங்கள் பொறுமையுடன் மண்படலத்தைச் சிறிது சிறிதாக நீக்கினார். உள்ளே பழைய பூச்சு சிதையாமல் ஒளிர்ந்தது. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கருவி மீண்டும் ஒலித்தது.

குவான் பிங்ஹு கூச்சினில் இசைத்த ‘ஓடும் நீர்’ என்னும் இசை, 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் இசைத்தட்டில் இடம்பெற்றது. இந்தியாவின் கேசர்பாய் கேர்கர் பாடிய பாடலும் அதே இசைத்தட்டில் உள்ளது.

இழந்ததும் காத்ததும்

பழந்தமிழரின் யாழுக்கு இத்தகைய பேறு வாய்க்கவில்லை. அதனை இசைக்கும் மரபு அறுந்துபோனது. விபுலானந்த அடிகள் இலக்கியக் குறிப்புகளை ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். யாழைப் பற்றி அறியப் பழைய நூல்களைத் தேட வேண்டியிருந்தது; கூச்சினுக்கோ, அதனை இசைக்க அறிந்த கைகள் தலைமுறை தோறும் இருந்தன. யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் கூச்சின் இசையை மனிதகுலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

முன்னோர் தந்த செல்வத்தைப் பூட்டி வைப்பதனால் மட்டும் அது நிலைத்துவிடாது. அரண்மனையில் இருந்தும் அந்தக் கருவி மண் மூடியே கிடந்தது. அருமை அறிந்த ஒருவரின் கண்ணும், பயிற்சி பெற்ற ஒருவரின் கையுமே அதனை மீட்டன.

சொற்பொருள்

பேணுதல் – காத்தல்
தொன்மை – பழமை
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்
பேறு – நற்பயன்

வினாக்கள்

1. கூச்சினை அறிஞர்கள் தனிமையில் இசைக்க விரும்பியது ஏன்?
2. குவான் பிங்ஹு மண்படலத்தை விரைந்து நீக்காதது ஏன்?
3. உங்கள் வீட்டில் பேணப்படும் பழம்பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.