சேர்ந்த கையோடு வேலை போனால்

நேரே சொல்லிவிடலாம். இலங்கையில் வேலை போனவருக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தரும் ஏற்பாடு கிடையாது. பிரித்தானியா தன் நாட்டுத் தொழிலாளருக்கு வேலையின்மைக் காப்புறுதியை 1911இல் சட்டமாக்கியது. அப்போது நம்மையும் அவர்கள்தான் ஆண்டார்கள். அந்தச் சட்டம் மட்டும் இந்தப் பக்கம் கப்பலேறவில்லை. ஆகவே பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கோ நுரைச்சோலைக்கோ புது வேலைக்குப் போய், சில மாதத்திலேயே நிறுத்தப்பட்ட ஒருவர் "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டால், அவருடைய சம்பளச் சிட்டையையும் சேர்ந்த திகதியையும் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

சிட்டையை முதலில் பார்ப்போம். மாதச் சம்பளம் 40,000 ரூபா என்று வையுங்கள். ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எப்.புக்கு அவரிடம் 8 வீதம், அதாவது 3,200 ரூபா வெட்டுவார்கள். முதலாளி 12 வீதம், 4,800 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈ.டி.எப்.புக்கு முதலாளி தன் பணத்தில் 3 வீதம், 1,200 ரூபா கட்ட வேண்டும். ஐந்து மாதம் வேலை செய்திருந்தால் ஈ.பி.எப்.பில் 40,000, ஈ.டி.எப்.பில் 6,000. "இன்னும் நிரந்தரமாக்கவில்லை, அதனால் ஈ.பி.எப். இல்லை" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அது செல்லாத பேச்சு. தற்காலிகமோ, நாட்கூலியோ, துண்டுக் கணக்கோ, முதல் நாளிலிருந்தே கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் தொழில் திணைக்களம் மேலதிகக் கட்டணத்தோடு அறவிடலாம்.

ஆனால் அந்த 40,000 இப்போது கைக்கு வராது. ஈ.பி.எப். பொதுவாக ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும்தான். திருமணத்துக்காக வேலையை விடும் பெண், நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுபவர், உடல் இயலாமற்போனவர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. வேலை போனது அந்தப் பட்டியலில் இல்லை. 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கும் வசதிக்கு 10 வருடப் பங்களிப்பும் கணக்கில் 3 இலட்சமும் வேண்டும். புதியவருக்கு அது எட்டாது. பணிக்கொடைக்கு 5 வருட சேவை கேட்பார்கள். அதையும் மறந்துவிடலாம்.

எடுக்கக்கூடியது ஈ.டி.எப். மட்டும். வேலையை விட்டதைக் காட்டி விண்ணப்பிக்கலாம், ஆனால் அப்படி எடுப்பது ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். ஆறாயிரம் ரூபாவுக்காக அந்த வாய்ப்பைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அரிசிக்கே வழியில்லை என்றால் எடுங்கள், இல்லாவிட்டால் கிடக்கட்டும்.

அடுத்தது திகதி. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. திரும்ப வேலைக்கு எடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ ஆணையாளர் உத்தரவிடலாம். ஆனால் இந்தக் காப்பு 180 நாள் சேவை உள்ளவருக்குத்தான். ஞாயிறும் போயாவும் அந்தக் கணக்கில் சேரும். நவம்பர் 1ஆம் திகதி சேர்ந்தவருக்கு ஏப்ரல் 29ஆம் திகதி 180 நாள் நிறையும். புத்தாண்டு முடிந்த கையோடு ஏப்ரல் 15இல் போகச் சொன்னால் 166 நாள்தான்; 14 நாள் குறைகிறது. முதலாளிமாருக்கும் நாட்காட்டி பார்க்கத் தெரியும்.

180 நாள் இல்லாதவரும், 15 பேர் இல்லாத சின்ன இடத்தில் வேலை செய்தவரும் தொழில் நியாய மன்றுக்குப் போகலாம். தகுதிகாண் காலத்தில் இருந்தவர் அங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் காலத்தில் நிறுத்துவதற்கு முதலாளி காரணம் சொல்லத் தேவையில்லை என்றே நீதிமன்றங்கள் பொதுவாகக் கொண்டிருக்கின்றன. கெட்ட நோக்கத்தோடு நிறுத்தியதைக் காட்ட முடிந்தால் கதை வேறு.

இவ்வளவையும் ஒரே தாளில் இல்லாமல் ஆக்கிவிட முடியும். "தம்பி, இதுல ஒரு கையொப்பம் வைங்க, இந்த மாசச் சம்பளத்தை இப்பவே தந்துடுறன்" என்று நீட்டப்படும் தாள் பெரும்பாலும் இராஜினாமாக் கடிதமாக இருக்கும். கையொப்பம் வைத்தால் நீங்களே விலகியதாகிவிடும்; பிறகு முதலாளிதான் நிறுத்தினார் என்று வாதிடுவது பெரும் பாடு. வேலை செய்த நாட்களுக்கான சம்பளம் எப்படியும் உங்களுடையது. அதற்கு விலையாக எதிலும் கையொப்பம் வைக்க வேண்டியதில்லை. மேன்பவர் கொம்பனி ஊடாக வேலைக்குப் போனவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சம்பளம் தந்தது யார், ஈ.பி.எப். கட்டியது யார் பெயரில் என்று. முறைப்பாட்டில் முதலாளி என்று எழுத வேண்டிய பெயரை அதிலிருந்துதான் பிடிக்க முடியும்.

அஸ்வெசும பற்றியும் கேட்பார்கள். 2023இல் தொடங்கிய அந்த உதவி குடும்பத்தின் நிலையை அளந்து கொடுக்கப்படுவது. ஒருவருடைய வேலை போனதற்காகத் தானாக வந்து சேராது.

நம்மூர் ஆட்கள் நிறையப் பேர் வளைகுடாவில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 முதல் வேலையிழப்புக் காப்புறுதி கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவருக்கு மாதம் 5 திர்ஹம்தான் கட்டணம். வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 வீதம், கூடியது மூன்று மாதத்துக்கு. தொடர்ந்து 12 மாதம் கட்டியிருக்க வேண்டும், 30 நாளுக்குள் கேட்க வேண்டும். தானாக விலகியவருக்கும் ஒழுக்காற்றில் நீக்கப்பட்டவருக்கும் இல்லை. வீட்டுப் பணியாளர்கள் திட்டத்திலேயே இல்லை. கனடாவின் வேலையின்மைக் காப்புறுதியில் புது வேலைக்காரருக்கு ஒரு வசதி உண்டு: அதற்குத் தேவையான 420 முதல் 700 மணித்தியாலத்தைக் கணக்கிடும்போது கடந்த 52 வாரத்தில் முன்னைய இடத்தில் உழைத்ததும் சேரும். முன்னைய வேலையைத் தக்க காரணமின்றித் தானே விட்டவருக்கு அது சேராது.

இலங்கையில் முறைப்பாட்டுக்கு ஆறு மாதக் கெடு. ஆணையாளரிடம் போனாலும் நியாய மன்றுக்குப் போனாலும் நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதம். நியமனக் கடிதம் தராத இடமென்றால் சம்பளச் சிட்டை, வங்கிப் புத்தகத்தில் சம்பளம் விழுந்த பக்கம், வேலைக்கு வரச் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால், நீங்கள் அங்கத்தவராக உள்ள தொழிற்சங்கம் உங்கள் சார்பில் நியாய மன்றில் விண்ணப்பம் போடலாம்.