மேகாலயாவில் மழை செய்யும் விந்தைகள்

உலகிலேயே அதிக மழை பெய்யும் ஊர் மௌசின்ராம். அதற்குப் பக்கத்தில்தான் சிரபுஞ்சி. இரண்டும் மேகாலயாவின் காசி மலையில் இருக்கின்றன. மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,872 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் ஓடாமல் அப்படியே தேங்கினால் மூன்று அடுக்கு வீடே மூழ்கிவிடும்! சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் பெய்தது. பன்னிரண்டு மாத மழையில் இந்த உலக சாதனையை இன்னும் எந்த ஊரும் முறியடிக்கவில்லை.

ஏன் இவ்வளவு மழை? வங்கக் கடலின் ஈரக்காற்று, வங்கதேசச் சமவெளியைத் தடையின்றிக் கடந்து வருகிறது. திடீரென்று காசி மலை சுவர்போல் எதிரே நிற்கிறது. காற்று வேறு வழியின்றி மேலே ஏறுகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து, ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிடுகிறது. மலைக்கு அப்பால் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஷில்லாங்கில் இதில் நாலில் ஒரு பங்கு மழைகூட இல்லை.

இத்தனை மழையில் மரப்பாலமும் மூங்கில் பாலமும் சீக்கிரம் மக்கிவிடும். அதனால் காசி மக்கள் பாலத்தையே வளர்க்கிறார்கள்! ஓடைக் கரையில் நிற்கும் ரப்பர் அத்தி மரத்தின் விழுதுகளை, குடைந்த கமுகந்தண்டுக்குள் நுழைத்து அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவை மண்ணில் ஊன்றிப் பருக்கின்றன. நம்பி நடக்கும் அளவுக்கு உறுதியாகப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் மற்றப் பாலங்கள் நாளாக நாளாகத் தேயும். இது நாளாக நாளாக வலுக்கும். நோங்கிரியாட் கிராமத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்கு வேர்ப்பாலமே உண்டு.

ஆனால், குளிர்காலம் வந்தால் இதே சிரபுஞ்சியில் தண்ணீர்ப் பஞ்சம்! மழை மேல்மண்ணை அரித்துவிட்டது. மிஞ்சிய பாறையில் நீர் தங்குவதில்லை. சரிவில் ஓடியும் வெடிப்புகளில் இறங்கியும் போய்விடுகிறது.

அப்படி இறங்கிய நீர்தான் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகைகளை உண்டாக்கியது. சிரபுஞ்சிக்கு அருகே மௌம்லு குகையில், மேலிருந்து சொட்டிய நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு, தரையில் படிந்து படிந்து கல்முளையாக வளர்ந்திருக்கிறது. அதன் ஒவ்வொரு படலத்திலும் அந்தந்தக் காலத்து மழையின் அடையாளம் பதிந்திருக்கும். படலத்தில் உள்ள ஆக்சிஜனில் எடை கூடியது, குறைந்தது என்று வகைகள் உண்டு. அவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதை அளந்து, பருவமழை வலுத்ததா, குன்றியதா என்று விஞ்ஞானிகள் அறிகிறார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பெரிதும் குன்றியதை இந்தக் கல் காட்டியது. அன்று தொடங்கி இன்றுவரை உள்ள காலத்துக்கு 'மேகாலயன் காலம்' என்று 2018இல் நிலவியலாளர்கள் பெயர் சூட்டினார்கள். நாம் எல்லோருமே வாழ்வது அந்தக் காலத்தில்தான்!

பாறை எப்படிக் கரையும் என்று சந்தேகமா? முட்டை ஓட்டை வினிகரில் போட்டுப் பாருங்கள். ஓடும் சுண்ணாம்புப் பாறையும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். ஓட்டின்மேல் குமிழ்கள் கிளம்பும். மறுநாள் ஓடு பெரும்பாலும் கரைந்திருக்கும். மண்ணில் இறங்கும் மழைநீரிலும் மிக மென்மையான அமிலம் உண்டு. பல்லாயிரம் ஆண்டுகள் பொறுமையாக வேலைசெய்தால் அது குகையையே குடைந்துவிடும்.