வாசிப்பில் சலிப்பு: காரணமும் தீர்வும்

பேச்சைக் குழந்தை தானாகவே பற்றிக்கொள்கிறது. எழுத்தையோ பிறர் கற்பித்தாலன்றி அது அறிவதில்லை. மனித இனம் பேசத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் கடந்த பிறகு, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்புதான் எழுத்து தோன்றியது என்பதால், படிப்பதற்கென்றே பிறவியில் அமைந்த மூளைப் பகுதி எவருக்கும் இல்லை. முகங்களையும் பொருள்களையும் இனங்காண உதவும் பார்வைப் பகுதியின் ஒரு கூற்றையே மூளை எழுத்துக்கென மாற்றி அமைத்துக்கொள்கிறது என்று பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஆன் விளக்குகிறார். ஆகவே, புத்தகத்தைத் திறந்ததும் சலிப்புத் தட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய அறிவுக் குறைவையோ சோம்பலையோ காட்டுவதாகாது; பயின்று பெற வேண்டிய ஒரு திறன் இன்னும் பழகவில்லை என்பதையோ, கையிலுள்ள நூல் அவருக்குப் பொருந்தவில்லை என்பதையோதான் அது பெரும்பாலும் காட்டுகிறது.

முதலாவது காரணம் உழைப்பு. படிக்கும்போது கண் வரியின் மீது வழுக்கிக்கொண்டு செல்வதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் விநாடி நின்று, அடுத்த இடத்துக்குத் தாவி, அங்கே மறுபடியும் நிற்கிறது. பழகிய வாசகரின் கண் குறைவான இடங்களில் நின்று விரைவாக நகர, பழகாதவரின் கண் அடிக்கடி நின்றும் பின்னோக்கித் திரும்பியும் தடுமாறுகிறது. சொல்லை இனங்காண்பதிலேயே கவனம் செலவாகிவிட்டால் பொருளை உணர எஞ்சுவது சொற்பமாகிவிடும். பொருள் பிடிபடாத இடத்தில் சுவை பிறக்க வழியில்லை.

தமிழில் இந்த உழைப்பு இன்னும் சற்றுக் கூடுதலானது. பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கு வேறொரு வடிவமும் வழங்கும் நிலையை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். 'வந்துட்டாங்க' என்று நாள்தோறும் கேட்கும் பிள்ளை, புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்பதை எதிர்கொள்கிறது; புணர்ச்சியால் ஒட்டி நீளும் சொற்களையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. உரையாடல் மிகுந்த கதைகளும் வட்டார வழக்கில் அமைந்த புதினங்களும் தொடக்க வாசகருக்கு எளிதில் வசப்படுவதற்கு, காதுக்குப் பழகிய மொழியை அவை கண்ணுக்கு முன் கொண்டுவருவதே காரணம்.

பழக்கம் ஏற ஏற உழைப்புக் குறைகிறது. உழைப்புக் குறையக் குறைய விருப்பம் வளர்கிறது. நன்றாகப் படிப்பவர் மேலும் படித்து மேலும் தேர்ச்சி பெற, தடுமாறுபவர் படிப்பதைத் தவிர்த்து மேலும் பின்தங்கும் இந்தப் போக்கை, உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986-இல் 'மத்தேயு விளைவு' என்று குறித்தார். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்னும் கருத்து விவிலியத்தின் மத்தேயு நற்செய்தியில் இடம்பெறுவதால் இப்பெயர் வந்தது. இந்தச் சுழலை எதிர்த்திசையில் திருப்புவதற்குக் கனமான நூல்கள் தேவையில்லை. தடையின்றி ஓடும் எளிய நூல்கள் பலவற்றைப் படிப்பதே போதுமானது. இந்த நோக்கில் படக்கதையும் துப்பறியும் கதையும் இழிவானவை அல்ல. பலருக்கு அவையே வாசிப்பின் முதற்படிகள்.

இரண்டாவது காரணம் பொருத்தமின்மை. 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானபோது, அப்பணியின் தனிமையும் வெறுமையும் தாங்காமல் மீண்டும் கற்பித்தலுக்கே திரும்ப விரும்பினார். நூலகத்தையே சலிப்பூட்டும் இடமாகக் கண்ட அவர், இங்கிலாந்துக்குச் சென்று நூலகங்கள் மக்களிடையே இயங்கும் விதத்தை நேரில் அறிந்த பின்னர், வாழ்நாள் முழுவதையும் அத்துறைக்கே அளித்தார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு என்பதையும் ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பதையும் வலியுறுத்துகின்றன. புகழ்பெற்ற நூல் ஒன்று ஒருவருக்குச் சுவைக்கவில்லையென்றால், நூலிலும் குறையில்லை, அவரிடமும் குறையில்லை. இரண்டும் உரிய வேளையில் சந்திக்கவில்லை என்பதே இவ்விதிகளிலிருந்து பெறப்படும் பொருள்.

மூன்றாவது காரணம் கடமையுணர்வு. பாடநூலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தேர்வுக்காகப் படித்துப் பழகிய மனம், கதைப் புத்தகத்தையும் அவ்வாறே முடித்தாக வேண்டுமென்று எண்ணுகிறது. பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான தானியேல் பெனாக், 1992-இல் வெளியான தமது நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகளை வகுத்தார். பக்கங்களைத் தாண்டிச் செல்லுதல், பாதியில் நிறுத்துதல், படித்ததையே மீண்டும் படித்தல், உரக்கப் படித்தல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

அளவும் கருதத்தக்கது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இன்று ஐந்து பாகங்களாக அடுக்கப்பட்டுப் புதிய வாசகரை மலைக்க வைக்கிறது. ஆனால் 1950 முதல் 1954 வரை அது வார இதழில் சிறிது சிறிதாகவே வீடுகளுக்கு வந்தது. அடுத்த இதழுக்கான காத்திருப்பு ஆவலை வளர்த்தது. படித்தவர்கள் ஒருவரோடொருவர் கதையைப் பேசிக்கொள்ளவும் இடம் தந்தது. நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் என்று வரையறுத்துக்கொள்பவர் அதே முறையைத் தமக்குத் தாமே அமைத்துக்கொள்கிறார்.

வாசிப்பு எப்போதும் தனிமையில் நிகழ்ந்ததும் அன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நடைபெறும் புராண படனத்தில், ஒருவர் கந்தபுராணப் பாடலை இசையோடு படிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார், அதாவது பொருள் விரித்துரைப்பார். எழுத்தறியாதவரும் கடினமான செய்யுளைச் சுவைக்க இம்முறை வழிசெய்தது. வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பதும், படித்ததை நண்பரிடம் சொல்வதும் இவ்வழியின் எளிய வடிவங்களே.

விலை கொடுத்து வாங்கிய நூலைப் பாதியில் விடப் பலருக்கு மனம் வருவதில்லை. இரவல் பெற்ற நூலுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. ரங்கநாதனின் நெடுமுயற்சியின் பயனாகச் சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. தமிழ்நாட்டின் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் அச்சட்டத்தின் வழி வந்தவையே. சலிப்போடு போராடுபவர் அங்கு சென்று, ஒரே நாளில் இரண்டு மூன்று நூல்களைப் புரட்டி, முதற்சில பக்கங்கள் இழுத்துச் செல்லும் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துவரலாம். அதுவும் சலித்தால் திருப்பிக் கொடுத்து வேறொன்றை எடுக்கலாம்.