வளர்ச்சிக்கும் கத்தரி வேண்டும்

வேகமாக ஓடும் சரக்கைக் குறை சொல்லும் வியாபாரி உண்டா? சென்ற ஆண்டு சிங்கப்பூரில் மகன் வீட்டுக் கூடத்தில் அப்படியொரு பாடம் கேட்டு வந்தோம்.

அங்கே கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் விட்டு உயிருள்ள பவளம் வளர்க்கிறார்கள். பவளம் கல்லல்ல; சிற்றுயிர்களின் கூட்டம். அதன் உடலில் குடியிருக்கும் நுண்பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துத் தருகிறது. உருண்டைப் பவளம் கடலில் ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். மான்கொம்புப் பவளமோ 10 செ.மீ.க்கு மேலும் வளரும். அது கிளைவிட்டுப் பரவினால் கீழே உள்ளவற்றுக்கு வெளிச்சமும் கிடைக்காது, நீரோட்டமும் கிடைக்காது. பச்சை நட்சத்திரப் பவளம் ஜமுக்காளம் விரித்தாற்போல் பாறையையே மூடிவிடும்.

ஆகவே அளவறிந்து வெட்டுகிறார்கள். கிளையை எலும்பு வெட்டும் கத்தரியால் நறுக்குகிறார்கள். படர்ந்ததைக் கத்தியால் உரித்தெடுக்கிறார்கள். ஒரே நாளில் நிறைய வெட்டுவதில்லை. சில வகைகளில் கடும் விஷம் உண்டு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெட்டிய துண்டு வீணாவதில்லை. பசை வைத்துச் சிறு கல்லில் ஒட்டினால் தனிப் பவளமாக வளரும். நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம்.

ஆசைப்பட்டு இங்கே யாரும் தேடவேண்டாம். மன்னார் வளைகுடாப் பவளத்தை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டித் தீர்த்தோம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்துள்ளன. வாங்குவதும் விற்பதும் குற்றம்.

“நல்லா வளர்றதைத்தாம்பா முதல்ல வெட்டணும்” என்றான் மகன். நமக்குச் சுருக்கென்றது.

1990களின் பிற்பகுதியில் நமது மண்டியில் பாமாயில் டின் பறந்தது. கிடங்கு முழுவதும் அதையே அடுக்கினோம். சீரகம், சோம்பு, கடுகு மூட்டைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. அவற்றுக்காக வந்த கிராமத்து மளிகைக்காரர்கள் வேறு மண்டிக்குப் போனார்கள். போன இடத்திலேயே எண்ணெயும் வாங்கினார்கள். திரும்பி வந்தவர்கள் சிலரே. விற்பனையில் குறையில்லை என்று மகிழ்ந்திருந்த நாம், வாடிக்கை குறைந்ததைக் கணக்கு முடிக்கும்போதுதான் கண்டோம்.

இன்று கடையடைக்குமுன் அலமாரியை ஒருமுறை பாருங்கள். எந்தச் சரக்கு மற்றவற்றின் மேல் நிழல் போடுகிறது? அதை ஒழிக்கவேண்டாம், ஒரு தட்டு குறையுங்கள். அதில் விடுபடும் முதலை, மெதுவாக ஓடினாலும் ஆளைக் கூட்டிவரும் சரக்கில் போடுங்கள். வெட்டிய துண்டு அங்கே வேர்பிடிக்கும்.