ஏமாற்றிய இலவசமும், கைகொடுத்த இலவசமும்

சென்ற வருடம் என் தம்பி புது கம்ப்யூட்டர் வாங்கியபோது, தான் உபயோகித்து வந்த ஆப்பிள் மேக் லேப்டாப்பை எங்களிடம் கொடுத்தான். "அக்கா, பாப்பா நல்லா படம் வரையறா. இதுல வரைஞ்சு பழகட்டும்" என்றான். ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளிக்கூடத்து விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'பெயிண்ட்' என்று ஒன்று தயாராக இருக்குமாம். மேக்கில் தேடினால் அது இல்லை. ஆப் ஸ்டோரில் தேடியபோது, 'இலவசம்' என்று போட்டிருந்த ஒரு வரையும் செயலி கண்ணில் பட்டது. இறக்கினோம். முதல் ஏழு நாள் இலவசம் என்று சொல்லி, யு.பி.ஐ. ஆட்டோபே அனுமதி கேட்டது. இலவசத்துக்கு எதற்கு பணம் எடுக்க அனுமதி என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் என் கணக்கிலிருந்து அனுமதி கொடுத்துவிட்டேன். ஆறாம் நாளே மகள் அந்தச் செயலியை அழித்துவிட்டாள். அத்தோடு தொல்லை விட்டது என்று நினைத்தோம்.

மூன்று மாதம் கழித்து பாஸ்புக்கில் வரவு செலவு பதியப் போனபோது பகீரென்றது. மாதம் 799 ரூபாய் வீதம் மூன்று முறை, மொத்தம் 2,397 ரூபாய் போயிருந்தது. பணம் எடுக்கப்போவதாக முன்கூட்டியே குறுஞ்செய்தி வந்திருக்கிறது. நான்தான் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

என் கணவர் சத்தம் போடவில்லை. "இது இருந்தாத்தானே இந்த வம்பெல்லாம்" என்று லேப்டாப்பைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து நோட்டில்கூட படம் வரைவதை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு செய்தது நான், தண்டனை அவளுக்கா?

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. செயலியை அழித்தாலும் சந்தா ரத்தாகாது. ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால், அதில் நம் கணக்குப் பகுதிக்குப் போய், 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற இடத்தில் நாமே ரத்து செய்ய வேண்டும். அதையும் இலவச நாட்கள் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பாகவே செய்துவிட வேண்டும். நாம் பணம் அனுப்பும் யு.பி.ஐ. செயலியிலும் 'ஆட்டோபே' என்ற பகுதியில் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்க்கலாம். அன்றே இரண்டையும் பார்த்து ரத்து செய்தேன்.

"அப்போ இலவசம்னு எதுவுமே கிடையாதாடா?" என்று கேட்டேன். "இருக்கு அக்கா. 'கிரிட்டா'ன்னு ஒண்ணு இருக்கு" என்றான்.

கணவரிடம் எடுத்துச் சொல்லி, "இந்த முறை பணம் கேட்டால் நானே பரணில் வைத்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்து லேப்டாப்பை இறக்கினேன். கிரிட்டாவின் சொந்த வலைத்தளத்துக்குப் போய் மேக்குக்கான கோப்பை இறக்கினோம். அதைத் திறந்து, உள்ளே இருந்த படத்தை 'அப்ளிகேஷன்ஸ்' என்ற அறைக்குள் இழுத்துப் போட்டோம். அவ்வளவுதான் வேலை. பேர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. நாள் கெடுவும் கிடையாது.

இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று எனக்கு ஆச்சரியம். இந்த வேலை 1999-ல் வேறு பெயரில் தொடங்கி, 2002-ல்தான் கிரிட்டா என்ற பெயர் வந்ததாம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதியது. செய்முறையை ஒளிக்காமல் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறார்கள். விரும்பியவர்கள் கொடுக்கும் நன்கொடையில் வேலை நடக்கிறது. சில செயலிக் கடைகளில் இதையே விலைக்கும் வைத்திருக்கிறார்கள், அந்தப் பணமும் இதே வேலைக்குத்தான் போகிறது. அவர்கள் சொந்த வலைத்தளத்தில் எடுத்தால் இலவசம். கிரிட்டாவின் சின்னம் ஓர் அணில்! ராமருக்குப் பாலம் கட்ட உதவிய அணில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கிரிட்டா என்றால் ஸ்வீடன் நாட்டு மொழியில் சாக்பீஸ் என்று அர்த்தமாம். அதைக் கேட்டதும் எனக்குக் கோலம்தான் நினைவுக்கு வந்தது. 'மல்டிபிரஷ்' என்று ஒரு கருவி அதில் இருக்கிறது. எட்டு என்று எண்ணிக்கை கொடுத்துவிட்டு ஒரு இதழ் வரைந்தால், சுற்றிலும் எட்டு இதழும் தானாக விழுகிறது. ஒரே பூவைத் திரும்பத் திரும்ப நான்கு பக்கமும் ஒட்டு தெரியாமல் வரவழைக்கவும் வசதி உண்டு. புடவை டிசைன், ரவிக்கை டிசைன் போட அது ரொம்ப உதவி. 'லேயர்' என்பது கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல. கோட்டை ஒரு தாளிலும் வண்ணத்தை இன்னொரு தாளிலும் போட்டால், வண்ணத்தை அழித்தாலும் கோடு கெடாது.

போட்டோவைத் திருத்துவதற்கு 'கிம்ப்', எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத எம்ப்ராய்டரி டிசைன், பெயர்ப்பலகை போன்றவற்றுக்கு 'இங்க்ஸ்கேப்' என்று இன்னும் இரண்டு உண்டு. இவையும் மேக்கில் இலவசமாகவே ஓடுகின்றன.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய மேக் என்றால், திரையின் இடது மூலையில் உள்ள ஆப்பிள் படத்தைத் தட்டி, 'அபௌட் திஸ் மேக்'கில் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். புதுசு ஓடாவிட்டால் கிரிட்டாவின் பழைய பதிப்புகளும் கிடைக்கின்றன. பேனா போர்டு உடனே வாங்க வேண்டும் என்பதில்லை. என் மகள் முதலில் மவுஸில்தான் பழகினாள். கை கொஞ்சம் கோணும், பழகப் பழகச் சரியாகிவிடும்.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் வாசலில் போட்ட கோலம் அவள் கிரிட்டாவில் வரைந்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததுதான். பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்து, தனக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனார். என் கணவர் அதை வாசலில் நின்று போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார்.

சகோதரிகளே, பிள்ளைகள் 'இலவசம்' என்று ஏதாவது இறக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை நாளைக்கு இலவசம், பணம் எடுக்க அனுமதி கேட்கிறதா, நிறுத்த வேண்டுமானால் எங்கே நிறுத்துவது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதில் சரியாக இல்லையென்றால் அந்தச் செயலியை வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்காகப் பிள்ளையின் ஆசையையே பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

- ஒரு வாசகி, மதுரை.