களஞ்சியத்தின் புதுத் தளம்

செங்கற்பட்டு, மாமல்லபுரம் கடற்கரைக் கிராமங்களில், சங்கக் களஞ்சியத்தின் புதுச் சிமிட்டித் தளம் காய்ந்துவிட்டதெனக் கருதி உடனே நெல் மூட்டைகளை அடுக்குதல் தவறாகும். சிமிட்டி காய்வதால் இறுகுவதன்று. நீருடன் கூடியே கெட்டிப்படுகிறது. வெயிலும் கடற்காற்றும் ஈரத்தை முன்னதாகவே கவர்ந்துவிடின், தளம் வெடித்துப் புழுதியாய்ப் பெயரும்.

2 நாள் சென்றபின் மெதுவாய் நடக்கலாம். ஆயினும் சாக்கு விரித்து இடைவிடாது நனைத்து வருதல் அவசியம். சாம்பல் கலந்த சிமிட்டிக்கு, வெப்பக் காலத்தில் 14 நாள் நனைத்தல் நலமென்பது 2000-ஆம் வருஷத்து இந்தியத் தர விதியின் பரிந்துரை. 28 நாளுக்குப் பின்னரே பாரம் ஏற்றுதல் நலம்.

கடல் மணலும் உப்புநீரும் கூடா. உப்பு ஈரத்தை ஈர்ப்பதால் அடிமூட்டை பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மாதப் பொறுமை அங்கத்தினர்களின் பொதுப்பணத்தைக் காக்கும்.