இடி விழுந்த போர்டும் 30 வெள்ளி கார்டும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கம்ப்யூட்டரைக் கெடுப்பதில் வைரஸைவிட இடிக்குத்தான் பங்கு அதிகம். மத்தியானத்துக்கு மேல் ரந்தாவ், சிலியாவ் பக்கம் வானம் கறுத்தால் மறுநாள் எனக்கு போன் வரும். டெலிபோன் கம்பியில் இறங்கும் மின்னல் மோடத்தைச் சுட்டுவிட்டு, லேன் கேபிளோடு போய் மதர்போர்டில் இருக்கும் நெட்வொர்க் சிப்பையும் எரித்துவிடும். மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடும். கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்கு மட்டும் எரியாது.

வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் கைக்குக் கிடைத்த நெட்வொர்க் கார்டைச் செருகி வேலையை முடித்துவிடலாம். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில் அது நடக்காது. அங்கே நான் போட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர்களில் ஹார்டுடிஸ்கே இருக்காது. இந்த மாநிலத்தில் 61 தமிழ்ப்பள்ளிகள். பலவற்றின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றுக்குக் கம்பெனிகள் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்கள் வந்து சேரும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் முடிந்தது. பதினொன்றை ஏற்க இவற்றுக்குத் தெம்பில்லை. அதனால் நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக வைத்து, மற்றவற்றைக் கேபிள் வழியாகவே லினக்ஸில் எழுப்புகிறேன். இதற்கான எல்டிஎஸ்பி என்ற இலவச மென்பொருள் 1999-லிருந்தே இருக்கிறது.

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் தன் நெட்வொர்க் சிப் மூலம் ‘எனக்கு முகவரி யார் கொடுப்பது, எந்த ஃபைலை எடுப்பது’ என்று கேபிளில் கூவும். சர்வர் பதில் சொல்லும். முதலில் ஒரு குட்டி ஃபைல் வரும், பின்னாலேயே லினக்ஸ் வரும். இதற்கு பிஎக்ஸ்இ என்று பெயர். இன்டெல் 1990-களின் கடைசியில் வகுத்துக் கொடுத்த முறை.

சிக்கல் அந்த முதல் கூவலில்தான். கூவுவதற்கும் ஒரு புரோகிராம் வேண்டுமே! போர்டோடு வந்த சிப்புக்கு அது பயாஸுக்குள் இருக்கிறது. தனியாக வாங்கிச் செருகும் கார்டோ தன் புரோகிராமைத் தானே சுமந்து வர வேண்டும். கடையில் 30, 40 வெள்ளிக்குக் கிடைக்கும் ரியல்டெக் 8111 கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் இரண்டு வரிசைத் துளைகளோடு ஒரு கறுப்பு சாக்கெட் காலியாக இருக்கும். பூட் ரோம் உட்கார வேண்டிய இடம் அது. அந்தக் காலத்து 8139 கார்டிலும் இதே கதைதான். அப்போது சிப்பை வாங்கி, புரோகிராமை அதில் எரித்துச் செருகுவோம். இன்று அந்தப் பாடு தேவையில்லை.

ஐபிஎக்ஸ்இ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. ஒரு எம்பி அளவுதான் வரும். எதற்கும் உதவாது என்று மேசைக்குள் போட்ட பழைய பென்டிரைவில் அதை ஏற்றி, கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகிவிட்டால் கூவுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். கார்டில் ரோம் இருக்கிறதா என்ற கவலை அதோடு போயிற்று. பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, எரிந்துபோன பழைய சிப்பையும் முடக்கிவிடுங்கள்.

பிள்ளைகள் பென்டிரைவைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தால், பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய இன்டெல் கிகாபிட் கார்டைத் தேடலாம். வாங்குமுன் கடையிலேயே செருகி ஓடவிடுங்கள். ‘இன்டெல் பூட் ஏஜென்ட்’ என்று திரையில் வந்து, கண்ட்ரோல்-எஸ் அழுத்தச் சொன்னால் ரோம் உயிரோடு இருக்கிறது. புதுப்பெட்டியில் அநியாயத்துக்கு மலிவாக ‘இன்டெல்’ கிடைத்தால் நான் தொடமாட்டேன். போலி நிறைய உலவுகிறது. ஒல்லிக் கம்ப்யூட்டராக இருந்தால் குட்டைத் தகடும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மூடியை மூட முடியாது. யுஎஸ்பி லேன் பக்கம் போக வேண்டாம், பெரும்பாலான பழைய பயாஸ்களுக்கு அதைத் தெரியவே தெரியாது.

“ஏங்க தம்பி, எல்லாத்துக்கும் கிகாபிட் போட்டா வேகமா வருமில்ல?” என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஒருவர் கேட்டார். பணம் அவர் கையில் இருந்தது, ஆசையும் இருந்தது. நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 15 கம்ப்யூட்டர், ஒவ்வொன்றும் எழும்ப 200 எம்பி இழுக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 3,000 எம்பி. சர்வரின் கார்டு 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 11 எம்பிதான் தள்ளும், நாலரை நிமிஷம் பிள்ளைகள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் மட்டும் கிகாபிட் கொடுத்தால் அதே வேலை அரை நிமிஷத்துக்குப் பக்கத்தில் முடியும், மாணவர் கம்ப்யூட்டர்கள் பழைய 100 மெகாபிட்டிலேயே இருந்தாலும்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு நல்ல கார்டு, ஒரு கிகாபிட் ஸ்விட்ச், கருகிய போர்டுகளுக்கு ரியல்டெக் என்று முடிவானது. மிச்சப் பணத்தில் டெலிபோன் கம்பிக்கு இடிதாங்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றும் வாங்கச் சொன்னேன்.